ஒளியால் லேசரைத் திறப்பதும் மூடுவதும்: நானோ ஆண்டெனாக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு லேசர் கற்றையை இன்னொரு லேசர் கற்றையால் தடுக்கலாம், திறந்தும் விடலாம். இடையில் மின்கம்பியோ மின்சுற்றோ தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத இரண்டு தங்கக் குச்சிகளும் அவற்றுக்கு நடுவே உள்ள ஒரு சிறு இடைவெளியும்தான் இந்த வேலையின் மையம். இந்த அமைப்பைத்தான் நானோ ஆண்டெனா அல்லது ஒளியியல் ஆண்டெனா என்கிறோம். இதைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் "ஒளிக் கணினி வருகிறது" என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன. அந்த இடைவெளிக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் உண்மையில் சுவையான பகுதி. இயற்பியல் படிக்கும் மாணவர்களும் ஆர்வலர்களும் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, அதை இயன்றவரை தெளிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஒளியியல் ஆண்டெனா என்றால் என்ன?

ரேடியோ அலையும் ஒளியும் மின்காந்த அலைகளே, வேறுபாடு அலைநீளத்தில்தான். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலை ஒலிபரப்பின் அலைநீளம் 3 மீட்டர். அதைப் பிடிக்க அரை அலைநீளமுள்ள, அதாவது ஒன்றரை மீட்டர் நீளக் கம்பி போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒளியிழைத் தொலைத்தொடர்பில் பயன்படும் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் சுமார் 1,550 நானோமீட்டர். இந்த அலைகளைப் பிடிக்கும் கம்பியும் அந்த அளவுக்குக் குறுகியாக வேண்டும்.

ஆண்டெனாவுக்கு இரண்டு வேலைகள். வெளியில் பரவிக்கிடக்கும் அலையின் ஆற்றலை ஒரு சிறு இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது ஒன்று. சிறு இடத்தில் உள்ள ஆற்றலை வெளியே அலையாக வீசுவது மற்றொன்று. ரேடியோவில் அந்தச் சிறு இடம் என்பது கம்பியின் நடுவில் மின்சுற்றை இணைக்கும் இடம். ஒளியியல் ஆண்டெனாவில் அங்கே இருப்பது 10 முதல் 50 நானோமீட்டர் அகலமுள்ள இடைவெளி. 20 நானோமீட்டர் இடைவெளி என்றால், அதற்குள் சுமார் 70 தங்க அணுக்களை வரிசையாக அடுக்கலாம்.

அப்படியானால் ரேடியோ ஆண்டெனாவை அப்படியே சிறிதாக்கினால் போதுமா?

போதாது. ரேடியோ அதிர்வெண்ணில் உலோகம் கிட்டத்தட்ட முழுமையான கடத்தி. அலை அதற்குள் நுழைவதில்லை. ஒளியின் அதிர்வெண்ணிலோ எலக்ட்ரான்கள் அலையின் வேகத்துக்கு உடனுக்குடன் ஈடுகொடுக்க முடியாமல் சற்றுப் பின்தங்குகின்றன. ஒளி தங்கத்துக்குள் 25, 30 நானோமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. குச்சியின் பருமனே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால், உலோகம் முழுவதும் அலையில் பங்கெடுக்கிறது. எலக்ட்ரான் கூட்டம் முழுவதும் ஒன்றாக முன்னும் பின்னும் அலைவதைத்தான் பிளாஸ்மான் என்கிறோம்.

இதனால் ஆண்டெனா உணரும் அலைநீளம், வெளியில் உள்ள ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைந்துவிடுகிறது. குச்சியின் தடிமனைப் பொறுத்து இந்தச் சுருக்கம் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். இதற்கான எளிய கணக்கீட்டு விதியை லூக்காஸ் நோவோட்னி 2007-இல் வெளியிட்டார். ஆகவே 800 நானோமீட்டர் ஒளிக்கு 400 நானோமீட்டர் குச்சியை வெட்டினால் அது இசையாது, அதாவது அந்த ஒளியோடு சேர்ந்து வலுவாக அலைவுறாது. அதைவிட வெகு குட்டையான குச்சி வேண்டும்.

இந்த எண்ணம் யாருக்கு முதலில் வந்தது?

அயர்லாந்தைச் சேர்ந்த எட்வர்ட் சிங் என்பவருக்கு. சாதாரண நுண்ணோக்கியால் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதிக்கும் குறைவான நுணுக்கங்களைப் பிரித்துக் காட்ட முடியாது என்று எர்ன்ஸ்ட் ஆபே 1873-இல் காட்டியிருந்தார். அந்த எல்லையைத் தாண்ட, ஒரு சிறு தங்கத் துகளை மாதிரிக்கு மிக அருகில் வைத்து, அது சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு பார்க்கலாமே என்று சிங் 1928-இல் ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையிலோ தங்கத் துகள் இல்லை. ஒளிபுகாத தகட்டில் போட்ட மிகச் சிறிய துளைதான் இருந்தது. அதைச் செய்து பார்க்கும் கருவிகள் அன்று இல்லை. 1984-இல் டீட்டர் போல் என்பவரின் குழு சூரிச்சில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் அப்படிப்பட்ட நுண்ணோக்கியைச் செய்துகாட்டியது. அந்த டீட்டர் போல் பங்கேற்ற சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று, ஒளிக்கு இசையும் இரு குச்சித் தங்க ஆண்டெனாவைப் பற்றிய ஆய்வை 2005-இல் வெளியிட்டது. இடையில் இடைவெளி விட்டு இரண்டு தங்கக் குச்சிகளை ஒரே கோட்டில் படுக்க வைத்து, அதன் மீது லேசர் துடிப்புகளை விழச் செய்தபோது, அங்கிருந்து பல நிறங்கள் கலந்த வெண்ணொளி எழுந்தது. இடைவெளிக்குள் ஒளிப்புலம் எவ்வளவு கடுமையாகச் செறிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

ஒரு ஒளி இன்னொரு ஒளியை நிறுத்துவது ஏன் இவ்வளவு கடினம்?

இரண்டு டார்ச் விளக்குகளின் ஒளிக்கற்றைகளைக் குறுக்காக விட்டுப் பாருங்கள். ஒன்று மற்றொன்றைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஒளியின் துகளான ஃபோட்டானுக்கு மின்னூட்டம் இல்லை. ஒன்றையொன்று தள்ளுவதோ இழுப்பதோ இல்லை. ஒளியிழையில் பல நிறங்கள் ஒரே நேரத்தில் கலவாமல் பயணம் செய்ய முடிவது இந்தக் குணத்தால்தான். தகவலைக் கொண்டுசெல்ல ஒளி இவ்வளவு சிறந்ததாக இருப்பதும், தகவலை வைத்துக் கணக்குப் போட இவ்வளவு முரண்டு பிடிப்பதும் ஒரே காரணத்தால்.

ஆகவே இடையில் ஒரு பொருள் வேண்டும். முதல் ஒளி அந்தப் பொருளின் குணத்தை மாற்ற வேண்டும். மாறிய பொருள் இரண்டாம் ஒளியைத் திசைதிருப்பவோ விழுங்கவோ வேண்டும். கடுமையான ஒளி படும்போது பொருளின் ஒளிவிலகல் எண் சற்றே மாறும். ஆனால் அந்த மாற்றம் மிகச் சிறியது. ஒளியிழை செய்யப் பயன்படும் சிலிக்கா கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 ஜிகாவாட் என்ற பயங்கரமான செறிவில் ஒளியைப் பாய்ச்சினாலும், அதன் ஒளிவிலகல் எண் மாறுவது கோடியில் இரண்டரைப் பங்குதான். கண்ணாடியில் இந்த மாற்றம் பயன்படும் அளவுக்குச் சேர வேண்டுமென்றால் ஒளி மீட்டர் கணக்கில், சில நேரங்களில் கிலோமீட்டர் கணக்கில் ஓட வேண்டும். சில்லு ஒன்றில் அதற்கு இடம் ஏது?

இதில் ஆண்டெனா என்ன உதவி செய்கிறது?

இரண்டு விதங்களில் உதவுகிறது. முதலாவது, ஒளியைச் செறிவாக்குகிறது. இடைவெளிக்குள் மின்புலம் 30 மடங்கு பெருகுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒளிச்செறிவு அதன் இருமடி, அதாவது 900 மடங்கு பெருகும். பொருளின் குணம் மாறுவது ஒளிச்செறிவைப் பொறுத்தது என்பதால், வெளியிலிருந்து அனுப்ப வேண்டிய ஆற்றல் அந்த அளவுக்குக் குறைகிறது.

இரண்டாவது உதவியைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆண்டெனா குறிப்பிட்ட ஒரு நிறத்துக்கு இசைந்து நிற்கிறது. இடைவெளியில் உள்ள சொற்பப் பொருளின் குணம் மாறினாலே, பிருடையைச் சற்றுத் திருகியதும் வீணைத் தந்தியின் சுருதி நழுவுவது போல, ஆண்டெனா முழுவதன் இசைவும் நழுவிவிடும். சில ஆயிரம் கன நானோமீட்டர் பொருளில் ஏற்படும் மாற்றம், அதைவிடப் பல மடங்கு பெரிய பரப்பில் வந்துவிழும் ஒளியின் போக்கைத் தீர்மானிக்கிறது. முதல் ஒளியை இடைவெளிக்குள் திரட்டித் தருவதும் ஆண்டெனாதான். அங்கே நடந்த மாற்றத்தை இரண்டாம் ஒளிக்குத் தெரியும்படி வெளியே காட்டுவதும் அதுதான்.

அந்த இடைவெளியில் எதை வைக்கிறார்கள்?

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஒட்டோ மஸ்கன்ஸ் குழு, ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் உள்ள ஹாவியர் ஐஸ்புருவா குழுவோடு சேர்ந்து இதை ஆழமாக ஆராய்ந்தது. 2010-இல் அவர்கள் முன்வைத்த யோசனை எளியது, அழகானது. இடைவெளியில் ஒளிபட்டால் மின்கடத்தும் குறைகடத்தியை வைத்துவிடுங்கள். இருட்டில் அது கடத்தாது. இரண்டு குச்சிகளும் ஒரு மின்தேக்கியின் இரு தகடுகளைப் போல எதிரெதிரே நின்று தனித்தனியாக அலைவுறும். வலுவான ஒளித்துடிப்பு ஒன்று விழுந்ததும் குறைகடத்தியில் கட்டற்ற எலக்ட்ரான்கள் பெருகும். போதிய அளவு பெருகிவிட்டால் இடைவெளி குறுக்கிணைப்பாகி, இரண்டு குட்டைக் குச்சிகள் ஒரே நீளக் குச்சியாகிவிடும். நீளம் மாறினால் இசையும் நிறம் மாறும். முன்பு எந்த நிறத்தைப் பிடித்ததோ, அதை இப்போது விட்டுவிடும்.

அடுத்த ஆண்டு, அதாவது 2011-இல், சோதனை முடிவு வந்தது. அதில் பயன்பட்டது இண்டியம் டின் ஆக்சைடு. இது நமக்கு அன்னியப் பொருள் அல்ல. கைபேசியின் தொடுதிரையில் ஒளிபுகும் மின்கடத்திப் படலமாக இருப்பது இதுவே. கண்ணாடி மீது வைத்த தங்க ஆண்டெனாவும், இந்த ஆக்சைடோடு சேர்த்து வைத்த தங்க ஆண்டெனாவும் ஒளித்துடிப்புக்கு வெவ்வேறு விதமாக எதிர்வினை காட்டின. தங்கத்தில் சூடேறிய எலக்ட்ரான்கள் எல்லையைத் தாண்டி ஆக்சைடுக்குள் பாய்ந்து அதன் குணத்தை மாற்றுகின்றன என்று குழு விளக்கியது. ஆண்டெனா ஒளியைக் குவிப்பதோடு நிற்கவில்லை. தன்னிடமிருந்தே எலக்ட்ரான்களையும் அனுப்பிவைக்கிறது. ஒரே ஒரு ஆண்டெனாவைத் தனியாக எடுத்து, பிக்கோ விநாடி (ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கணக்கில் இதை அளந்து காட்டினார்கள் என்பது இன்னும் வியப்பூட்டுகிறது.

தொடுதிரையில் இருக்கும் சாதாரண ஆக்சைடுக்கு அப்படி என்ன சிறப்பு?

தங்கத்தில் உள்ளதைவிடப் பல பத்து மடங்கு குறைவான கட்டற்ற எலக்ட்ரான்களே இதில் உள்ளன. அதனால் அகச்சிவப்பில், சுமார் 1,240 நானோமீட்டருக்கு அருகில், இது உலோகமாகவும் இல்லாமல் கண்ணாடியாகவும் இல்லாமல் எல்லைக்கோட்டில் நிற்கிறது. அந்த இடத்தில் அதன் மின்கடவுதிறன், அதாவது மின்புலத்துக்கு அது காட்டும் எதிர்வினையின் அளவு, பூஜ்யத்தை நெருங்குகிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணில் சிறு மாற்றம் வந்தாலும் விகிதக் கணக்கில் அது பெரிய மாற்றம். கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பாய்டின் குழு 2016-இல் இதைச் சோதித்துக் காட்டியது.

அதே குழு 2018-இல் இந்த ஆக்சைடுப் படலத்தின் மேல் தங்க ஆண்டெனாக்களை வரிசையாக அடுக்கியது. மொத்தத் தடிமன் 50 நானோமீட்டர்தான். அதில் ஒளியால் உண்டான ஒளிவிலகல் எண் மாற்றம் 2.5 வரை சென்றது. மேலே சிலிக்காவுக்குச் சொன்ன எண்ணோடு இதை வைத்துப் பாருங்கள். ஒளிச்செறிவுகள் வேறு வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் கோடியில் சில பங்கு எங்கே, இரண்டரை எங்கே! பொருள் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் ஒரு பிக்கோ விநாடிக்கும் குறைவு.

லேசரைத் திறந்து மூடுவது என்றால் லேசர் கருவியையே அணைப்பதா?

இரண்டு பொருளிலும் சொல்கிறார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மேலே சொன்ன சோதனைகளில் லேசர் தொடர்ந்து எரிந்துகொண்டே இருக்கிறது. அதன் கற்றை ஆண்டெனாவைக் கடக்கிறதா இல்லையா என்பதுதான் மாறுகிறது.

லேசர் அறைக்குள்ளேயே இத்தகைய துகள்களை வைப்பது இன்னொரு வழி. தங்க நானோ குச்சிகள் மங்கலான ஒளியை விழுங்கும். கடுமையான ஒளி வரும்போது விழுங்கும் திறன் நிறைவடைந்து, மீதியைக் கடக்க விட்டுவிடும். எர்பியம் என்ற தனிமம் கலந்த ஒளியிழையால் ஆன லேசருக்குள் இவற்றை வைத்தால், லேசர் சீராக எரிவதை விட்டுவிட்டுத் துடிப்பு துடிப்பாக ஒளியை உமிழத் தொடங்கும். தன் ஒளியாலேயே தன்னைத் திறந்து மூடிக்கொள்ளும் லேசர் இது. வெளியிலிருந்து எந்த மின்சமிக்ஞையும் தேவையில்லை. கவர்ச்சியான தலைப்புச் செய்தியாக இது வராவிட்டாலும், பயன்பாட்டுக்கு மிக அருகில் உள்ள வழி இதுதான் என்பது என் கணிப்பு.

லேசரின் முகப்பிலேயே ஆண்டெனாவை ஒட்டிவைக்க முடியுமா?

முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபெடரிகோ கபாசோவின் குழு, கென்னத் குரோசியரோடு சேர்ந்து, கடையில் வாங்கக் கிடைக்கும் டையோடு லேசரின் முகப்பில் தங்க ஆண்டெனாவைச் செதுக்கி 2006-இல் வெளியிட்டது. சுமார் 800 நானோமீட்டர் அலைநீள ஒளி, சில பத்து நானோமீட்டர் அகலப் புள்ளியாகக் குவிந்தது. கபாசோ 1994-இல் பெல் ஆய்வகத்தில் குவாண்டம் கேஸ்கேட் லேசர் என்ற அகச்சிவப்புக் குறைகடத்தி லேசரை உருவாக்கிய குழுவில் இருந்தவர். பிறகு அந்த லேசரின் முகப்பிலும் இதே போன்ற ஆண்டெனாக்களைப் பொருத்தினார்.

இதன் வாரிசு இன்று சந்தைக்கே வந்துவிட்டது. புதிய தலைமுறை வன்தட்டுகளில், எழுதும் முனைக்குப் பக்கத்தில் சிறு லேசரும், அதன் ஒளியைத் தட்டின் மேல் சில பத்து நானோமீட்டர் புள்ளியாகக் குவிக்கும் உலோக ஆண்டெனாவும் இருக்கின்றன. அந்தப் புள்ளி மட்டும் நொடிப்பொழுதில் சூடேறி, காந்தத் திசையை எளிதில் மாற்றிக்கொள்ளும், உடனே ஆறிவிடும். சீகேட் நிறுவனம் 30 டெராபைட்டும் அதற்கு மேலும் கொள்ளும் தட்டுகளை இந்த முறையில் 2024-இல் அறிவித்தது. இது லேசரைத் திறந்து மூடும் வேலை அல்ல. ஆனால் ஒளியியல் ஆண்டெனா ஆய்வகத்தை விட்டு வெளியே வராது என்று சொல்பவர்களுக்கு இது போதுமான பதில்.

இவ்வளவு வேகத்தை எந்தக் கருவியால் அளக்கிறார்கள்?

எந்த மின்னணுக் கடிகாரமும் இதற்கு ஈடுகொடுக்காது. ஆகவே தூரத்தை நேரமாக மாற்றிக்கொள்கிறார்கள். சோதனை மேசையில் டைட்டானியம் சஃபையர் லேசர் ஒன்று இருக்கும். அது ஒவ்வொன்றும் நூறு ஃபெம்டோ விநாடி (ஆயிரம் ஃபெம்டோ விநாடி ஒரு பிக்கோ விநாடி) அளவே நீடிக்கும் துடிப்புகளை, நொடிக்கு ஏறத்தாழ 8 கோடி என்ற கணக்கில் உமிழும். ஒவ்வொரு துடிப்பையும் இரண்டாகப் பிரிப்பார்கள். வலுவான பாதி ஆண்டெனாவைத் தூண்டும். மெல்லிய பாதி பின்னால் வந்து, தூண்டப்பட்ட ஆண்டெனா எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகும். இரண்டில் ஒன்றின் பாதையில், நகரும் மேடை மீது ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு ஆடி இணை இருக்கும். அந்த மேடையை 0.15 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால், ஒளி போய்த் திரும்பும் பாதை 0.3 மில்லிமீட்டர் நீளும். அது ஒரு பிக்கோ விநாடித் தாமதம். மேடையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் மெல்லிய கற்றையின் அளவைக் குறித்துக்கொண்டே போனால், ஆண்டெனா மூடித் திறக்கும் வரைபடம் புள்ளி புள்ளியாக உருவாகும்.

கிடைக்கும் மாற்றம் பல நேரங்களில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் தூண்டும் கற்றையின் குறுக்கே சுழலும் விசிறித் தகடு ஒன்றை வைத்து அதை விட்டு விட்டு விழச் செய்வார்கள். அந்தத் தாளத்தோடு மாறும் சமிக்ஞையை மட்டும் லாக்-இன் பெருக்கி பிரித்தெடுக்கும். மற்ற இரைச்சல் எல்லாம் விலகிவிடும். ஒற்றை ஆண்டெனாவைக் கற்றையின் மையத்தில் பிடித்துவைப்பது தனி வித்தை. அறை வெப்பம் சற்று மாறினாலே மாதிரி கற்றையிலிருந்து நழுவிவிடும்.

எவ்வளவு வேகம் கிடைத்திருக்கிறது?

தங்கத்தின் மேல் துடிப்பு விழுந்ததும் எலக்ட்ரான்கள் உடனே சூடேறுகின்றன. அந்தச் சூட்டை அணுக்களிடம் கொடுக்க ஒரு பிக்கோ விநாடி அளவில் ஆகிறது. பிறகு தங்கம் முழுவதும் ஆற, நூற்றுக்கணக்கான பிக்கோ விநாடிகள் ஆகலாம். இந்தக் கடைசிப் பகுதிதான் தொந்தரவு. உலோகத்தை விட்டுவிட்டு சிலிக்கானால் வட்டத் துண்டுகள் செய்து பார்த்த மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகக் குழு 2015-இல் 65 ஃபெம்டோ விநாடித் திறப்பு மூடலைக் காட்டியது. அந்த நேரத்தில் ஒளியே 20 மைக்ரோமீட்டர் தூரம்தான் போகும். சிலிக்கான் துண்டுகளும் ஆண்டெனாக்களே. உலோகத்தைவிட வெப்ப இழப்பு வெகு குறைவு. ஆனால் தங்க இடைவெளியில் கிடைக்கும் இறுக்கமான குவிப்பு அவற்றில் கிடைக்காது.

ஏன் தங்கம்? உருகிவிடாதா?

வெள்ளி ஒளியியல் கணக்கில் தங்கத்தைவிடச் சிறந்தது. ஆனால் காற்றில் கறுத்துவிடும். செம்பும் அப்படியே. அலுமினியம் புற ஊதா ஒளிக்கு நல்லது. தங்கம் எதனோடும் எளிதில் வினைபுரியாது என்பதால் ஆய்வாளர்கள் அதையே நாடுகிறார்கள். நீல ஒளியைத் தங்கம் விழுங்கிவிடுகிறது. அதன் மஞ்சள் நிறமே அதற்குச் சாட்சி. ஆகவே சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும்தான் அது பொருந்தும்.

உருகும் பயம் நியாயமானது. கட்டியாக உள்ள தங்கம் 1,064 டிகிரி செல்சியசில் உருகும். நானோ குச்சியோ அதற்கு வெகு கீழேயே முனை மழுங்கி உருண்டையாகத் தொடங்கிவிடும். உருவம் மாறினால் இசைவும் போய்விட்டது என்று பொருள். டைட்டானியம் நைட்ரைடு போன்ற, வெப்பத்துக்கு அசையாத பொருள்களை ஆராய்வதற்குக் காரணம் இதுதான்.

இவற்றை எப்படிச் செய்கிறார்கள்?

கண்ணாடித் துண்டின் மேல் பாலிமர் பூசி, எலக்ட்ரான் கற்றையால் அதில் வடிவத்தை வரைவார்கள். கற்றை பட்ட இடம் கரைசலில் கரைந்து பள்ளமாகும். அதன் மேல் ஒட்டுவதற்காக டைட்டானியமோ குரோமியமோ ஓரிரு நானோமீட்டரும், பிறகு தங்கம் முப்பது நாற்பது நானோமீட்டரும் ஆவியாகப் படியவைப்பார்கள். கடைசியில் அசிட்டோனில் ஊறவைத்தால் மீதிப் பாலிமர், தன் மேல் படிந்த தங்கத்தோடு உரிந்து போகும். பள்ளத்தில் படிந்தது மட்டும் நிற்கும்.

சிக்கலெல்லாம் இடைவெளியில்தான். எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதிச் சிதறுவதால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குச்சிகளை வரையும்போது நடுவில் உள்ள மெல்லிய சுவரும் அவற்றின் பாதிப்பைப் பெறுகிறது. கற்றையின் அளவு சற்றே கூடினால் சுவர் கரைந்து, இரண்டு குச்சிகளும் ஒட்டிப் போகும். குறைந்தால் குச்சி முழுதாக வராது. அதனால் ஒரே துண்டில் அளவைப் படிப்படியாக மாற்றி நூற்றுக்கணக்கில் வரைந்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து நல்லவற்றைப் பொறுக்கியெடுப்பது வழக்கம்.

பொருளின் குணத்தை மாற்றாமலேயே ஒளியால் ஒளியைத் தடுக்க வழி உண்டா?

உண்டு. சவுத்தாம்ப்டனின் நிக்கோலாய் ஜெலுடெவ் குழு 2012-இல் காட்டிய முறை இது. அலைநீளத்தைவிட வெகு மெல்லிய, ஒளியை விழுங்கும் படலத்தின் மேல் இரு பக்கமிருந்தும் ஒரே லேசரின் ஒளியை அனுப்புங்கள். இரண்டும் எதிர்ப்பட்டு நிலையலையாகும். படலம் புலம் மிகுந்த இடத்தில் நின்றால் ஒளி முழுவதும் விழுங்கப்படலாம். புலம் இல்லாத இடத்தில் நின்றால் படலமே இல்லாதது போல ஒளி கடந்துவிடும். ஒரு கற்றையின் கட்டத்தை, அதாவது அலையின் ஏற்ற இறக்கம் வரும் நேரத்தை, சற்றுத் தள்ளினாலே மற்றொன்று திறக்கும், மூடும். மங்கலான ஒளிக்கும் இது வேலை செய்யும். ஆனால் இரண்டு கற்றைகளின் பாதை நீளமும் அலைநீளத்தின் சிறு பங்குக்குள் அசையாமல் நிற்க வேண்டும்; நடைமுறையில் அது பெரிய கட்டுப்பாடு.

ராமன் விளைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன் தம் பெயரில் வழங்கும் விளைவைக் கண்டறிந்ததும், சிங் ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதியதும் ஒரே 1928-இல். மூலக்கூறில் பட்டு நிறம் மாறிச் சிதறும் ஒளிதான் ராமன் சிதறல்; அது மிகவும் மங்கலானது. சொரசொரப்பான வெள்ளிப் பரப்பில் ஒட்டிய மூலக்கூறுகளில் அது வழக்கத்துக்கு மாறான வலுவோடு தெரிவதை மார்ட்டின் ஃப்ளைஷ்மன் குழு 1974-இல் கண்டது; அதுவும் சவுத்தாம்ப்டனில்தான். அந்தச் சொரசொரப்பில் இருந்த மேடு பள்ளங்கள் தற்செயலாக அமைந்த ஒளியியல் ஆண்டெனாக்கள் என்று இன்று அறிவோம்.

அப்படியானால் ஒளிக் கணினி வந்துவிடுமா?

இந்த ஆண்டெனாக்களைக் கொண்டு டிரான்சிஸ்டரை மாற்றிவிடலாம் என்று நான் நம்பவில்லை. ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்லர் 2010-இல் ஒளி டிரான்சிஸ்டருக்கு வேண்டிய தகுதிகளைத் தெளிவாக எடுத்துரைத்தார். ஒரு சுவிட்சின் வெளியீடு அடுத்த சுவிட்சை இயக்க வேண்டும். ஒன்று குறைந்தது இரண்டை இயக்க வேண்டும். மங்கிய சமிக்ஞையை ஒவ்வொரு படியிலும் புதுப்பிக்க வேண்டும். வெளியீடு திரும்பி வந்து உள்ளீட்டைக் கெடுக்கக் கூடாது. தங்க ஆண்டெனா ஒளியில் ஒரு பகுதியை வெப்பமாக்கி விழுங்குகிறது. தூண்டும் துடிப்பு வலுவாகவும், திறக்கப்படும் கற்றை மெல்லியதாகவும் இருக்கிறது. அந்த மெல்லிய கற்றையால் அடுத்த ஆண்டெனாவைத் தூண்ட முடியாது. முதல் நிபந்தனையே இடறுகிறது.

ஆற்றல் கணக்கும் இரக்கமற்றது. 1,550 நானோமீட்டர் ஒளியில் ஒரு ஃபெம்டோஜூல் என்பது சுமார் 7,800 ஃபோட்டான்கள். இன்றைய டிரான்சிஸ்டர் ஒருமுறை திறந்து மூட அதற்கும் குறைவான ஆற்றலே போதும். இந்த ஆண்டெனாச் சோதனைகள் அந்த எல்லைக்கு வெகு மேலே இருக்கின்றன.

ஆனால் தகவல் ஏற்கெனவே ஒளியாக இருக்கும் இடங்கள் வேறு. ஒளியிழைத் துடிப்புகளைச் செதுக்குவது, லேசரைத் துடிக்க வைப்பது, ஒரு மூலக்கூறு ஒட்டியதா இல்லையா என்று உணர்வது ஆகிய வேலைகளில் லட்சக்கணக்கான சுவிட்சுகளைச் சங்கிலியாகக் கோக்க வேண்டியதில்லை, ஒன்றே போதும். அங்கே ஒரு பிக்கோ விநாடி வேகமும் 50 நானோமீட்டர் தடிமனும் பெரிய வரம்.

எங்கள் கல்லூரியில் எலக்ட்ரான் கற்றைக் கருவி இல்லை. இதைக் கற்க வேறு வழி உண்டா?

தாராளமாக உண்டு. தங்க உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து சிட்ரேட் சேர்த்தால், சில நிமிடங்களில் ஒயின் சிவப்பில் தங்க நானோ துகள்கள் உருவாகும்; சாதாரண வேதியியல் ஆய்வகமும் நிறமாலைமானியும் போதும். சுமார் 520 நானோமீட்டரில் தெரியும் உச்சிதான் பிளாஸ்மான். பிறகு சிறிது சமையல் உப்பைச் சேர்த்துப் பாருங்கள். துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி, நிறம் நீலத்துக்குத் திரும்பும். இடைவெளி குறைந்தால் இசைவு நகர்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இன்னும் உள்ளே போக, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான, ஒளி அலைகளின் போக்கைக் கணக்கிடும் மீப் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். தங்கத்தின் ஒளியியல் மாறிலிகளுக்கு ஜான்சனும் கிறிஸ்டியும் 1972-இல் அளந்து வெளியிட்ட அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். 100 நானோமீட்டர் நீளமுள்ள இரண்டு குச்சிகளை வைத்து, இடைவெளியை 50-இலிருந்து 10 நானோமீட்டர் வரை குறைத்துக்கொண்டே போய், இசைவு எந்தப் பக்கம் நகர்கிறது என்று குறியுங்கள். அடுத்து இடைவெளியில் காற்றுக்குப் பதில் சிலிக்கானை வையுங்கள். அதன் பின் அதன் கடத்துதிறனை ஏற்றுங்கள். இடைவெளியில் மட்டும் கணக்கீட்டுக் கட்டத்தின் அளவை ஒரு நானோமீட்டருக்கும் கீழே வைத்தால்தான் விடை நம்பகமாக இருக்கும். கணினி நினைவகம் போதாவிட்டால் முதலில் இரு பரிமாணத்தில் செய்து பழகுங்கள்.